மாத்திரையை நிறுத்திய சோழவந்தான் பெண்ணை உடனே கண்டுபிடித்துத் தரக் கோரி

அனுப்புநர்:
ரா. ஜெயக்கொடி (வயது 43),
க/பெ. ராஜபாண்டி,
மூலிகைச் சூப்புக் கடை,
பூங்கா வாசல், ஆனையூர், மதுரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட நியமன அலுவலர் அவர்கள்,
உணவுப் பாதுகாப்புத் துறை,
மதுரை மாவட்டம்.

பொருள்: 'அட்ரினல் அமுதம்' என்ற சத்துப் பொடியை மருந்துக்கு மாற்று என்று சொல்லி விற்பது – அதை நம்பி 20.06.2025 முதல் மாத்திரையை நிறுத்தியுள்ள பெண்ணின் முகவரியை உடனே பெறுவது – அதற்குக் காரணமான என்னையும் விசாரிப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சோழவந்தான் பக்கத்தில் ஒரு பெண் நான்கு நாட்களாக உயிர் காக்கும் மாத்திரையைப் போடாமல் இருக்கிறார். அவர் பெயரும் தெருவும் எனக்குத் தெரியாது. மேற்படி பொடியை அவருக்கு கூரியரில் அனுப்பிய மையத்தில் அவர் முகவரி இருக்கிறது. நான் கேட்டேன், தரவில்லை. தாங்கள் கேட்டால் தந்துதான் ஆக வேண்டும். அதற்கு உத்தரவிட்ட பிறகு மற்றதை வாசித்தால் போதும். மற்றதெல்லாம் என் வெட்கக்கேடுதான்.

1. நான் ஒன்பது வருடமாக மேற்படி முகவரியில் காலை நேரத்தில் முடக்கத்தான், வாழைத்தண்டு, முருங்கைக்கீரைச் சூப்பு விற்று வருகிறேன். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் உடம்பைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். இது சூடு, இது குளிர்ச்சி, இது வாய்வு என்று சொல்லுவேன். சிலருக்குக் குணம் தெரிந்தது. 'சூப்பு டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்தேன். பிறகு யாராவது அப்படிக் கூப்பிடாமல் போனால் முகம் சுண்டும் அளவுக்கு வந்துவிட்டேன்.

2. என் கணவர் காய்கறி மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர். போன வருடக் கடைசியில் ஒரு மூட்டைக்கே மூச்சு வாங்கியது. உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்தன. சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் ஊறுகாய்ப் பாட்டிலை மட்டும் வழித்து நக்குவார். நான் 'பித்தம்' என்று சொல்லி மூன்று மாதம் கஷாயம் கொடுத்தேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, சின்ன வயதில் வந்த காசநோய் அட்ரினல் சுரப்பியைக் கெடுத்துவிட்டது, அது சுரக்க வேண்டியதை மாத்திரையாகத்தான் கொடுக்க முடியும் என்றார்கள். டாக்டரம்மா சொன்னது இதுதான்: "கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி இருக்குற சுரப்பிம்மா. மாத்திரையை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. உப்பு தாராளமா சேத்துக்கங்க."

3. இதில் என் காதில் விழுந்தது 'கிட்னி' என்ற ஒரு சொல்தான். எங்கள் பக்கத்தில் கிட்னி கெட்டவரை "அவருக்கு உப்பு இருக்கு" என்றுதான் சொல்வோம். கிட்னிக்காரருக்கு உப்பு ஆகாது என்பது தெருவில் விளையாடும் பிள்ளைக்கும் தெரியும். தாராளமாக உப்புப் போடச் சொன்ன டாக்டரம்மாவைப் பற்றி வெளியே வந்ததும், "இம்புட்டுப் படிச்சும் இது தெரியலையே" என்று கேலி பேசினேன். சுரப்பி வேறு, கிட்னி வேறு என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவேனே என்று கேட்கவில்லை.

4. மாத்திரையால் மனிதர் தேறினார். மே மாதம் மறுபடி மூட்டை தூக்கினார். ஆனால் முகம் லேசாக உப்பியது, நெஞ்செரிச்சல் என்றார். மாத்திரை சூடு என்று நானே முடிவு கட்டினேன். அந்தச் சமயத்தில் தினமும் என் கடையில் சூப்புக் குடிக்கும் திரு. சித்தார்த் என்பவர், தான் நடத்தும் 'அமுதச்சாரல் இயற்கை நல்வாழ்வு மையம்' வகுப்புக்கு அழைத்தார். அங்கே அட்ரினல் என்பது உடம்பின் அடுப்பு, மாத்திரை அதில் மண்ணெண்ணெய் ஊற்றுவது, சூப்பர் ஃபுட்டும் குளிர்ச்சியான உணவும்தான் அதைத் தணித்துச் சீராக எரிய வைக்கும் என்று திரை போட்டுக் காட்டினார். முருங்கை இலை, அமுக்கரா, சியா விதை, ஸ்பைருலினா கலந்த பொடி அது. "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சதுல கால்வாசிகூட டாக்டருக்குத் தெரியாதுக்கா" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். ஐயா, அந்த ஒரு வாக்கியத்துக்கு என் வீட்டுக்காரரை விற்றேன்.

5. சித்தார்த் சொன்னபடி ஜூன் 2 முதல் மாத்திரையைப் பாதியாக்கி, 9ஆம் தேதி அடியோடு நிறுத்தினேன். காலையில் பொடி, பதினொரு மணிக்கு இளநீர், மதியம் உப்பில்லாத மோர், வெள்ளரிக்காய். உப்பு ஜாடியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். என் கணவர் எதிர்த்துப் பேசாதவர். "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

6. ஜூன் 13 காலை கடைக்கு வந்து சூப்புக் கோப்பையை நீட்டி, "கொஞ்சூண்டு உப்புப் போடு ஜெயா, நாக்கு கெஞ்சுது" என்றார். நான் வாடிக்கையாளர்கள் கேட்கச் சத்தமாக, "உப்புப் போட்டுத்தான சோறு திங்கிற? எத்தன தடவ சொல்றது, ரோசம் வேணாம்?" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கோப்பையை வைத்துவிட்டுப் போனார். உப்பு கொடுக்காமல் வைத்திருந்த ஆளிடம் அந்தச் சொலவடையைச் சொல்லியிருக்கிறேன்.

7. ஜூன் 17 காலையில் வாந்தி, மயக்கம், கை கால் ஜில்லிட்டது. அப்போதும் இளநீரை வாயில் ஊற்றினேன். பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர் முத்திருளன்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வழியில் அவர் சொன்னார்: "அண்ணே நாலு நாளா எங்க வீட்டுக்கு வந்து உப்பு வாங்கித் தின்னுச்சு மதினி. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு." கட்டிய மனைவிக்குப் பயந்து அடுத்த வீட்டில் உப்பு இரந்திருக்கிறார்.

8. அவசரப் பிரிவில் மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் "தவறாம போட்டாரு" என்றேன். பயத்தில் வந்த பொய் இல்லை, மானத்துக்குச் சொன்ன பொய். அவர்கள் வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். தமிழ்வாணி என்ற செவிலியர் பாட்டிலை மாட்டும்போது அது என்ன மருந்து என்று கேட்டேன். "உப்புத்தண்ணிதாம்மா, ரத்தத்துல உப்பு அம்புட்டும் இறங்கிருச்சு" என்றார். அங்கேயே தரையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அதன் பிறகுதான் உரிய ஊசி போட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் டாக்டரிடம், "நாந்தான் மாத்திரையை மறந்துட்டேன், அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

9. இத்தோடு முடிந்திருந்தால் இந்த மனு இருக்காது. ஜூன் 11 அன்று, மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள், மையத்தார் என் கடையில் வைத்து வீடியோ எடுத்துத் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டார்கள். முகவீக்கம் வற்றியிருந்த கணவரைப் பக்கத்தில் நிறுத்தி, "மாத்திரையைத் தூக்கிப் போட்டாச்சு, பாருங்க ஆளை" என்று நான் பேசியிருக்கிறேன். அதன் கீழே ஜூன் 15 அன்று 'வெற்றிலைக்கொடி' என்ற பெயரில் ஒருவர், "அக்கா, எனக்கும் இதே வியாதிதான், நாலு வருசமா மாத்திரை. சோழவந்தான் பக்கம் இருக்கேன். நிறுத்தலாமா?" என்று கேட்டிருந்தார். "தைரியமா நிறுத்தும்மா, நான் பொறுப்பு" என்று என் போனில் நானே பதில் போட்டேன். ஜூன் 20 அன்று அவர், "பொடி வந்திருச்சு அக்கா, இன்னைல இருந்து மாத்திரை கிடையாது" என்று எழுதினார். ஆஸ்பத்திரி வராண்டாவில் அதைப் பார்த்தேன். உடனே "நிறுத்தாதே, என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தார்" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் அதை அழித்து, இனி நான் எழுத முடியாதபடி தடுத்துவிட்டார்கள்.

10. சனிக்கிழமை மையத்துக்குப் போனேன். திரு. சித்தார்த், "வாடிக்கையாளர் விவரம் ரகசியம்க்கா. மாத்திரையை நிறுத்துன்னு நாங்க எழுத்துல எங்கயும் சொல்லலையே, வீடியோவுல சொன்னது நீங்கதான்" என்றார். அது உண்மைதான், மறுக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் போய், வெற்றிலை மண்டியிலும் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் விசாரித்தேன். ஒரு கடைக்காரர், "பேரு தெரியாம, ஊரு தெரியாம எப்படித் தாயி?" என்றார். திட்டவில்லை, பாவப்பட்டுத்தான் கேட்டார். அடுத்த கடைக்குப் போனேன்.

11. என் கணவர் முழுதாக நிறுத்திய ஒன்பதாம் நாள் விழுந்தார். அவருக்கு முதலில் ஒரு வாரம் பாதி மாத்திரையாவது உள்ளே போனது. அந்தப் பெண் ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறார். இன்று நான்காம் நாள். எட்டு நாள் கிடைக்கும் என்று நம்பாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் வீட்டிலும், அவர் விழுந்ததும் பித்தம் என்று சொல்லி இளநீர் ஊற்ற ஆள் இருக்கும்.

12. சூடு, குளிர்ச்சி எல்லாம் பொய் என்று எழுத நான் வரவில்லை. சித்திரை வெயிலில் ஊறவைத்த வெந்தயம் வயிற்றுக்கு இதமாக இருப்பது இன்றைக்கும் எனக்குத் தெரியும். முருங்கைக்கீரை நல்ல கீரை. ஆனால் செத்துப்போன சுரப்பிக்குப் பதிலாக அது சுரக்காது. அந்தப் பொடி டப்பாவில் 'அட்ரினலை உயிர்ப்பிக்கும்' என்று அச்சடித்திருக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு என்ற அளவு இல்லை. அதை வாங்கியவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஐயா அவர்கள், இன்றே மேற்படி மையத்தின் கூரியர்ப் பதிவைப் பெற்று, சோழவந்தான் பகுதிக்குப் போன பொடிகளின் முகவரிகளை எடுக்கவும், அந்த வட்டார சுகாதார நிலையத்துக்குத் தகவல் கொடுக்கவும், பொடி விற்பனையை நிறுத்தி மாதிரி எடுத்துச் சோதிக்கவும், வீடியோவை நீக்கவும் ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். மையத்தின் மீது நடவடிக்கை எடுக்கும்போது என் பெயரையும் அதே வரிசையில் சேர்க்க வேண்டும். கடையை மூடச் சொன்னால் மூடுகிறேன்.

இதை மனு எழுதுபவரிடம் கொடுக்காமல் நானே எழுதினேன். பத்தாம் வகுப்புத் தமிழ்தான், பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள் அலுவலகப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் போன் எண் கிடைத்ததும் என்னைக் கூப்பிடுங்கள். வேறு யார் போன் செய்து மாத்திரையைப் போடச் சொன்னாலும் அந்தப் பெண் கேட்க மாட்டார், ஐயா. அவர் என்னைத்தான் நம்பியிருக்கிறார்.

இணைப்பு: பொடி டப்பா ஒன்று, வீடியோ மற்றும் பதில்களின் அச்சுப்படி, கணவரின் ஆஸ்பத்திரிச் சீட்டு நகல்.

இடம்: மதுரை
நாள்: 23.06.2025

இப்படிக்கு,
தலை நிமிர முடியாமல்,
ரா. ஜெயக்கொடி