எண்பது என்ற பலகையும் உன் மகளும்

அன்பு மாதேசா,

நீ போன பிறகு உறை போர்த்தி நின்ற உன் மகிழுந்தைக் கடந்த ஞாயிறு வெளியே எடுத்தோம். ஓட்டியவள் உன் மகள் கயல்.

ஓசூர்த் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஓட்டுநர் உரிமமும் புதிதாய்ப் பெற்றுவிட்டாள். சூளகிரியிலிருந்து நாள்தோறும் தானே ஓட்டிச் செல்ல விரும்புகிறாள். அதே நெடுஞ்சாலையில், கண்மூடித்தனமாய் விரைந்துவந்த சரக்குந்துக்கு, சாலையைக் கடந்த உன்னைப் பறிகொடுத்த என் தங்கை சரசு எப்படி ஒப்புவாள்?

"ஒருக்கா நானும் வரேன். மனசு ஒத்துக்கிட்டா சாவி உன்னுது. இல்லன்னா கம்பெனி பஸ்லயே போ" என்று பின்னிருக்கையில் ஏறினாள் சரசு. நான் முன்னால் அமர்ந்தேன்.

எண்பது என்றது பலகை. கயல் அறுபதில், இடப்புறமாகவே சென்றாள். பின்னால் ஒலிப்பான்கள் அலறின. ஒருவன் உரசுவதுபோல் வந்து கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, மாடு மேய்க்கப் போறியா?" என்றான்.

மேடையில் எதிர்க்குரலுக்கு அடங்காதவன் நான். இங்கு அடங்குவேனா? "எண்பது வரை உனக்கு உரிமை உண்டு. முந்தம்மா" என்றேன்.

"மாமா, அதெல்லாம் கூட்டத்துல பேசுங்க. எண்பதைத் தாண்டக்கூடாதுன்னுதான் போட்டிருக்கு, எண்பதுல போயே ஆகணும்னு போடல. தூறல் வேற."

ஓசூரை நெருங்கி அணுகுசாலையில் இறங்கினோம். அங்கே பலகையில் நாற்பது. வண்டி ஊர்வதாகவே எனக்குத் தோன்றிற்று. விரைவுமானியோ ஐம்பதைக் காட்டியது. நெடுஞ்சாலைக்குப் பழகிய உடல் பொய் சொல்லும், மாதேசா. கயல் உடலை நம்பவில்லை. முள்ளைப் பார்த்தாள், முப்பதுக்குக் குறைத்தாள்.

வேலைமுறை மாறும் மாலை நேரம். நின்றிருந்த நிறுவனப் பேருந்தின் முன்னாலிருந்து, கைப்பேசியில் பேசியபடி ஒரு பெண் சாலைக்குள் வந்தாள். கயல் குலுங்கலின்றி நிறுத்தினாள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசிக்கொண்டே கடந்தாள். தான் பிழைத்ததே அவளுக்குத் தெரியாது. உனக்கும் அப்படியொரு மாலை வாய்த்திருக்கக் கூடாதா?

"ஓரமா நிறுத்து" என்றாள் சரசு. சாவியைக் கேட்கப்போகிறாள் என்றே எண்ணினேன். இறங்கி என் பக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"அண்ணா, நீங்க பின்னாடி போங்க. உங்க வாய் சும்மா இருக்காது. புள்ளகிட்ட நான் உக்காந்துக்கறேன்."

பின்னால் போனேன். சாவி கயலிடமே இருந்தது. இனி எவர் ஓட்டும் வண்டியிலும் 'முந்து' என்று என் நா சொல்லாது. இது மேடைக்கான சூளுரை அன்று. உனக்குத் தரும் வாக்கு.

உன் சரசுவுக்கு அண்ணனும்
உனக்கு என்றும் மைத்துனனுமான
நான்