மாசியின் கடைசி லைன் கிளியர்

உத்திரமேரூர்,
2.12.2025

அன்பு நண்பன் ஸ்ரீனிக்கு,

வெங்கடகிருஷ்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கனடாக் குளிருக்கு நீயும் லக்ஷ்மியும் குழந்தை கீர்த்தியும் இந்நேரம் பழகியிருப்பீர்கள். போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று பார்க்கிறாயா? லைன்மேன் மாசி என்று நான் ஆரம்பித்தாலே, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். பதினோரு வருஷமாக அந்த ஒரு பேருக்கு மட்டும் உனக்கு சிக்னல் கிடைப்பதில்லை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

இந்த மழையில் ஏரி நிரம்பிவிட்டது. நம் சப்-ஸ்டேஷனில் பழைய மீட்டர் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அந்த ஃப்ரீக்வென்சி முள் நாற்பத்தொன்பதுக்குக் கீழே இறங்கினால் நீ வடை வாங்க வேண்டும், இறங்காவிட்டால் நான் என்று பந்தயம் கட்டுவோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் காசில் எத்தனை வடை தின்றிருப்பேன்! இப்போது திரையில் எந்நேரமும் ஐம்பதை ஒட்டியே நிற்கிறது. நாட்டுக்கு நல்லதுதான், எனக்குத்தான் வடை போயிற்று. பக்கத்து நாற்காலியைப் பார்த்தால் உன் நினைப்பு வந்து மனசு கஷ்டப்படுகிறது.

உன் வேலையைப் பற்றி லக்ஷ்மி என் வீட்டுக்காரியிடம் சொன்னாளாம். மின் நிலையங்கள் விதிப்படி நடக்கின்றனவா என்று சோதிக்கிறாயாம். ஒருவர் சொன்ன உத்தரவை மற்றவர் அப்படியே திருப்பிச் சொன்னாரா என்று போன் பதிவுகளைப் போட்டுக் கேட்பாயாம். அந்த வேலையை நீ ஏன் தேடிப் பிடித்தாய் என்று எனக்குத் தெரியாதா?

கரண்டை நிறுத்தச் சொல்லி லைன் கிளியர் வாங்கி வேலைக்குப் போனவர் தாமே பேசித் திருப்பிக் கொடுத்தால்தான் கரண்ட் விட வேண்டும். முதல் நாளே நமக்குச் சொன்ன விதி. அன்றைக்கு மாசி கம்பத்தின் மேலே இருந்தார். கீழே நின்ற உதவியாள் சுகுமார் போன் போட்டு, 'வேல முடிஞ்சிச்சி சார், உட்டுக்கோங்க' என்றான். பயிர் காய்கிறது என்று ஊரே நம்மை நச்சரித்துக்கொண்டிருந்த வேளை. நீ சுவிட்சைப் போட்டாய். விசாரணையில் பார்த்தபோது ரிஜிஸ்டரில் உன் கையெழுத்து மட்டும்தான் இருந்தது, பழியும் உன் மேல்தான் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் பேசுவது யார் என்று கேட்கவில்லை, ஸ்ரீனி. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. வெட்கமாக இருக்கிறது.

மாசிக்குக் கோபமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. முதல் வருஷம் உன் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். பிறகு அவரே ஒரு வழக்கம் கொண்டுவந்தார். லைன் கிளியர் வாங்கும்போது ரகசியமாக ஒரு சொல் கொடுப்பார். திருப்பும்போது அதே சொல் வந்தால்தான் கரண்ட். விரால், கெளுத்தி, குறவை என்று எல்லாம் மீன் பெயர். எங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டினால் மீன் மார்க்கெட் மாதிரி இருக்கும். அதற்கப்புறம் இங்கே ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வருகிற முப்பத்தொன்றாம் தேதி அவர் ஓய்வு பெறுகிறார். திருப்புலிவனம் லைனில் மரக்கிளை வெட்ட அன்று காலை கடைசியாக ஒரு லைன் கிளியர் வாங்குகிறார். போன வாரம் என்னிடம் வந்து, 'ஸ்ரீனி சார் இப்ப இன்னா பண்ணிக்கினு கீறாரு?' என்று கேட்டார். சொன்னேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, 'அன்னிக்கு அவராண்டதான் திருப்பிக் குடுப்பேன். வரச் சொல்லு சார்' என்றார்.

நீ இப்போது வெளியாள். சுவிட்சுப் பக்கம் உன்னை விட மாட்டேன், பயப்படாதே. போனை எடுத்து, அவர் சொல்வதைக் கேட்டு, அப்படியே திருப்பிச் சொல். பிறகு நான் வாங்கி, நானும் கேட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டு, நானே கரண்ட் விடுவேன். இந்தத் தடவை யார் பேசுவது என்று கேட்பேன்.

அன்றைய சொல்லை இப்போதே என் காதில் போட்டுவிட்டார். விதிப்படி நான் யாரிடமும் சொல்லக் கூடாது. அது மீன் பெயர் இல்லை, கடல் தாண்டிப் போன ஒரு மனுஷன் பெயர் என்று மட்டும் எழுதுகிறேன்.

லக்ஷ்மிக்கும் கீர்த்திக்கும் என் ஆசிகள். மதியம் இரண்டு மணிக்குப் போன் அடிக்கும். உன் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வடைக் கூட்டாளி
வெங்கடகிருஷ்ணன்