சூரன் முந்தி விழுந்த நாள்

ரானுயி, ஒக்லாந்து
ஒக்டோபர் 27, திங்கள் மத்தியானம்

ராகவியின் அப்பாவுக்கு, உங்கள் மனுசி ரதிதேவி எழுதுவது. நானும் மகளும் சுகம். அவுஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வெயிலில் நீங்களும் கருகிப்போகாமல் இருக்க முருகன் துணை.

நீங்கள் வேலைக்கு அங்கே போன எட்டு மாதமாகப் போனில் வாயடித்தவள் இன்றைக்கு ஏன் பேனை தூக்கினாள் என்று யோசிப்பீர்கள். போனில் என்றால் பகிடி விட்டே மழுப்பிவிடுவேன். என் ஐந்தாம் வகுப்பு எழுத்துக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. எழுதி முடிந்ததும் ராகவி படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புவாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராதது இன்றைக்கு மட்டும் நல்லது.

இங்கே லேபர் டே லீவு. கோயிலில் பின்னேரம் சூரன்போர். இருபது வருடத்தில் முதல் தடவையாக நான் கந்தசஷ்டி விரதம் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நேற்றுப் பேசும்போது, இன்றைக்கு உங்கள் லீவு நாளில் அந்த ஓட்டைக் காம்பர் வானில் தனியாக மலைப்பிளவு பார்க்கப் போய், பொழுதுபட முதல் திரும்புவேன் என்றீர்கள். மட்டன் ரோல்ஸ் எத்தனை கட்டினீர்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றினீர்கள்.

இரண்டு மணி

இவ்வளவும் எழுதி முடிய, உங்களோடு வீட்டில் இருக்கிற கௌசிகன் எனக்குப் போன் எடுத்தான். இரவு வேலை முடிந்து இப்போதுதான் எழும்பினானாம். “அக்கா, அண்ணை ஆறு நாளாய் பாலும் பழமும்தான். இண்டைக்குத் தண்ணியும் தொடமாட்டன் எண்டவர். ரெண்டு தண்ணிக் கானையும் வாசலிலையே விட்டிட்டுப் போட்டார்” என்கிறான்.

சுகர்க் குளிசைப் பெட்டியைப் பார்க்கச் சொன்னேன். இன்றைய குளிசை இல்லையாம். வெறும் வயிற்றில் போட்டிருக்கிறீர்கள். நாற்பது பாகை வெயில். போன் வேலை செய்யாத இடம். கௌசிகன் தண்ணீரும் குளுக்கோசும் காரில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டான். இரண்டு மணித்தியால ஓட்டம்.

ஐயோ, என் வாய். என் கட்டிக்கு டெஸ்ட் எடுத்த அன்று, “மனுசிக்காக ஒரு நேரச் சோறாவது விடுவியளோ?” என்று கேட்டேனே. சஷ்டிக் கடைசி நாளில் எச்சிலும் விழுங்காமல் இருக்கிற ஆட்களைப் பற்றியும் அளந்தேன். வெள்ளிக்கிழமையும் கோழிக்கால் கடிக்கிற மனுசன் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நாலரை

கோயிலுக்கு வெளிக்கிடச் சொல்லி ராகவி நிற்கிறாள். போனை விட்டு நான் அசையவில்லை. ஏன் அழுகிறாய் என்று இங்கிலிஷில் கேட்டாள். வெங்காயம் என்றேன். சஷ்டியில் இந்த வீட்டில் வெங்காயம் வெட்டுவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். பக்கத்தில் இருந்துவிட்டாள்.

ஆறு மணி

இப்போதுதான் திரும்பப் பேனையைத் தூக்கினேன். காம்பர் வான் கதவு திறந்தபடி கிடக்க, நீங்கள் பாறை நிழலில் வியர்த்து வழிந்தபடி படுத்திருந்தீர்களாம். தண்ணீரை வாயில் வைத்தால் தலையைத் திருப்பினீர்களாம். வேறு வழியில்லாமல் கௌசிகன் உங்களைக் காரில் ஏற்றி, சிக்னல் கிடைத்த இடத்தில் போனை உங்கள் காதில் வைத்தான்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான்: “சூரன் விழுந்திட்டானோ?”

இங்கே ஐந்து மணி. கோயிலில் சூரன் ஒரு தலைகூட மாற்றியிருக்க மாட்டான். “விழுந்திட்டானப்பா! நியூசிலாந்திலை எல்லாம் மூண்டரை மணித்தியாலம் முந்தி. குடியுங்கோ!” என்று கத்தினேன். மடக் மடக்கென்று நீங்கள் குடித்த சத்தம் இன்னும் காதில் கிடக்கிறது. அந்தப் பொய்க்கு முருகன் என்னைப் பிடிக்கட்டும்.

இனி, சொல்ல வந்தது. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று உங்களுக்குச் சொன்னேன். சஷ்டிக்கு முதல் வந்த வியாழக்கிழமையே கடிதம் வந்துவிட்டது. நல்லதில்லை. நவம்பர் பதினோராம் தேதி ஒப்பரேஷன். விரதம் வேண்டாம் என்று டொக்டர்தான் சொன்னவர்.

முருகனோடு சண்டைக்குப் போகாதீர்கள். நீங்கள் கேட்க முதலே அந்தக் கடிதம் வந்துவிட்டது, அவர் என்ன செய்வார்? ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கதிரை இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன். அதில் வேறு ஆள் இருந்தால் எனக்குப் பகிடி வராது. டிக்கெட்டைப் போடுங்கள். ராகவிக்கு இரண்டு பேருமாகச் சொல்வோம்.

இன்றைக்கு உங்களை எனக்குத் திருப்பித் தந்த முருகன் இனியும் காப்பாற்றட்டும். வரும்போது வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

உங்கள்
ரதி