சூசை பாதியில் நிறுத்திய பாட்டு

1978 மே 3, புதன்

காலையிலேயே அனல். கடையின் தகரக் கூரை அடுப்பு மாதிரி. ரவிக்கை நான்கு, மாப்பிள்ளைக் கோட்டு ஒன்று பாக்கி. கோட்டுக்கு உள்ளே வைக்கும் கேன்வாஸ் பாண்டியிலிருந்து இன்னும் வரவில்லை.

அப்பாவுக்கு வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. பாண்டி ஆஸ்பத்திரியில் சொன்னதையே இங்கே டாக்டரும் சொன்னார். "வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க." அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், புஷ்பத்துக்கும் தெரியும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மத்தியானம் கூனிமேட்டு மைக்செட் பாய் வந்தார், சட்டைக்குப் பட்டன் வைக்க. "ஏம்பா டெய்லரு, உங்க சூசை பெல்பாட்டம் போட்டுட்டானாமே? பேரு கூட ஜோவாம்ல?"

நம்பவில்லை. சூசையா? இந்தக் கரையில் யார் செத்தாலும் தலைமாட்டில் நின்று பாடுகிறவன். செத்தவர் எந்த உப்பளத்தில் வேலை செய்தார், எந்தப் பிள்ளை மேல் ஆசை என்றெல்லாம் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, அங்கேயே பாட்டாகக் கட்டுவான். கல் மனசுக்காரனும் அழுவான். அம்மா செத்தபோது அவன் பாடிய பிறகுதான் எனக்குக் கண்ணீரே வந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் அவனிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள், "என் சாவுக்கு நீதான்டா" என்று. அம்மாவை அடக்கம் செய்த அன்றே அப்பாவும் சொல்லி வைத்துவிட்டார்.

வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்கு முன்னால் அவனுக்கு வெள்ளை ஜிப்பா என் கையால்தான். கடைக்கு வெளியே நிற்க வைத்து அளவெடுப்பேன். உள்ளே கல்யாணத் துணி தொங்கும் இல்லையா.

பெல்பாட்டம் பாண்டியில் தைத்தானாம். ஏன், என்னிடம் கேட்டிருந்தால் தைத்திருக்க மாட்டேனா? மாட்டேன்தான். இருந்தாலும் எரிச்சல்.

மே 6, சனி

டீக்கடைச் சுவரில் நோட்டீஸ். மாதா கொடியேற்றத்துக்கு ஜோவின் மெல்லிசை, நாளை மாலை. கோயில் இளைஞர்கள் செய்த வேலை.

கடையில் நாள் முழுக்க இதே பேச்சு. காதில் விழுந்தவை:

"முடி காத மூடிக்கினு இருக்குதாம்."

"இடையஞ்சாவடி பக்கம் வெள்ளக்காரன் ஒருத்தன் கிட்டாரு குடுத்தானாம். கெட்டுப் போறதுக்கு வேற இன்னா வேணும்?"

"அப்ப நான் செத்தா யாரு பாடுவா? பாயோட மைக்செட்டா?"

கடைசியில் சொன்னது ஞானம்மா. இத்தனைக்கும் அவளுக்கு நோய் நொடி ஒன்றும் இல்லை. கல் மாதிரி இருக்கிறாள்.

எல்லோரையும்விடக் கோபம் அந்தோணிக்கு. வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறவன். சாவுச் சேதி வந்ததும் சூசையைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு மிதிப்பவன் அவன்தான். "எத்தினி எழவுக்கு மிதிச்சிருக்கேன் அவன? என்னாண்ட ஒரு வார்த்த சொல்ல வாணாம்?" கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

எனக்கும் அதே கோபம்தான். அப்பா கட்டிலில் கிடக்கிறார். இந்த நேரம் பார்த்து இவனுக்கு ஜோ கேட்கிறது.

அப்பாவுக்குக் கஞ்சி அரை டம்ளர். மாத்திரையைத் துப்பிவிட்டார்.

மே 7, ஞாயிறு



திடல் என் கடைக்கு எதிரே. உப்பளத்து ஆட்கள் குளித்துத் தலை சீவி வந்திருந்தார்கள். சூசை மேடை ஏறினான். சிவப்புச் சட்டை, நாய்க்காதுக் காலர், கறுப்புக் கண்ணாடி, தெருக் கூட்டுகிற பேண்ட். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த ஒருத்தன் கடலைப் பார்த்துக்கொண்டே ஊருக்குப் போவதாகப் பாட்டு. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. அது இன்னும் கோபமாக இருந்தது.

பாட்டு முடிந்தது. ஒருத்தரும் கை தட்டவில்லை.

இரண்டாவது தடவை அதையே ஆரம்பித்தான். ஞானம்மா எழுந்து நின்றாள். "டேய் சூசை! எங்க வூட்டுக்காரருக்குப் பாடுனியே, அத்தப் பாடுடா!"

மைக்கிலேயே பதில் சொன்னான். "அது சாவு வூட்டுப் பாட்டும்மா. இன்னிக்கித் திருவிழா."

அவ்வளவுதான். செருப்பு, மண்ணாங்கட்டி. அந்தோணி மேடை ஏறிவிட்டான். "லூர்து, கத்திரிக்கோல் கொண்டாடா!"

ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். கோட்டுத் துணி வெட்டுகிற பெரிய கத்திரி.

நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெட்டிப் போட்டார்கள். ஜனம் சிரித்தது. சூசை சத்தம் போடவில்லை. கத்திரியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். விரலில் காய்ப்பு விழாமல் இருக்க நான் சுற்றி வைத்திருக்கும் சிவப்பு நூல் அவனுக்குத் தெரியும்.

திடலைக் கூட்டும்போது வெட்டின துண்டு ஒன்று கிடைத்தது. மடிப்புத் தையலைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல கை.

மே 8, திங்கள்

கேன்வாஸ் வந்தது. கோட்டு ஆரம்பம்.

அப்பாவுக்கு முகம் கழுவி விடும்போது கேட்டார். "நேத்து பாடுனது யாருடா?"

"சூசைப்பா."

"அவனா? பொய் சொல்லாத." உப்பளத்து வெள்ளை வெளிச்சத்தில் நின்று நின்று அவருக்குக் கண் போய்ப் பல வருஷம். அவருக்கு ஏது பெல்பாட்டமும் கறுப்புக் கண்ணாடியும்? மைக்செட்டுக் குழாயில் வந்த குரல் மட்டும்தான். "காலு தன்னால ஆடுச்சுடா. ரெண்டாவது வாட்டி பாதில ஏன் நிறுத்திட்டான்?"

கரண்ட் போய்விட்டது என்று சொன்னேன்.

"அவன இட்டுகினு வா. இங்கயே பாடட்டும்."

"இப்பவா?"

"பின்ன எப்ப? செத்தப்புறம் பாடுனா எனக்கு எப்படிடா கேக்கும்?"

மே 11, வியாழன்

விடியற்காலையில் பேய் மழை. பாத்தியில் வாரிக் குவித்திருந்த உப்பில் பாதி கரைந்து போயிற்று. தெருவில் யார் முகத்திலும் களை இல்லை. துணி வாங்க ஒருத்தரும் வரவில்லை.

அப்பாவுக்கு மூச்சு இரைக்கிறது. உட்கார வைத்தால்தான் தூக்கம். கண் திறந்தால் ஒரே கேள்வி: "சூசை வந்துட்டானா?"

புஷ்பம் கத்திவிட்டாள். "உசுரோட மனுஷன் இருக்கற வூட்டுக்கு அவன யாராச்சும் கூப்புடுவாங்களா? உங்க அப்பாவ நீங்களே அனுப்பி வெக்கப் போறீங்களா?"

அவள் சொல்வதும் சரிதான். காய்ச்சல்காரர் இருக்கிற தெரு வழியாக சூசை நடந்து போனாலே ஜன்னலைச் சாத்துகிற ஊர் இது. எனக்கும் பயம். போகவில்லை.

மே 13, சனி

போனேன்.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு கொட்டகையில் இருக்கிறான். வாசலில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதே பேண்ட். வெட்டின இடத்தைக் கையாலேயே மடித்துத் தைத்து அரை டிராயர் ஆக்கியிருந்தான். ஒரு கால் கோணல்.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். பழக்க தோஷம், குரல் தாழ்ந்துவிட்டது. "பெரியப்பா போயிட்டாரா?"

"இல்ல. உயிரோடதான் இருக்காரு. நீ பாடிக் கேக்கணும்னு சொல்றாரு. அந்த பஸ்ஸு பாட்டு."

கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். அப்புறம் சொன்னான். "உசுரோட இருக்கற மனுஷன் என்னக் கூப்புடறது இதான் மொதல் தடவ, லூர்துண்ணே."

அவனே மேலே சொன்னான்.

"எத்தினி பேருக்குப் பாடியிருக்கேன். ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிக வெச்சீங்களா? பொண்ணு கேட்டுப் போனா, யாரு வூட்ல எழவுன்னு கேக்கறாங்க. சின்னப் பசங்க என்னப் பாத்தா ஓடுது. நீ கூட என்ன வாசல்ல நிக்க வெச்சுதான அளவெடுத்த? எல்லாருக்கும் எம் பாட்டு புடிக்கும். என்னதான் புடிக்கல."

கத்திரியைப் பற்றி அவனாக ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

"வர்றேன். ஆனா உள்ள வந்து உக்காருவேன். உங்க வூட்ல ஒரு டம்ளர் தண்ணி குடிப்பேன்."

சரி என்றேன். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டு. கடல் பக்கமே திரும்பவில்லை. அழுகை வந்தது.

மே 14, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு வந்தான். சிவப்புச் சட்டை, அரை டிராயர், கிட்டார். தெரு முழுக்கப் பார்த்தது. புஷ்பம் தண்ணீர் கொடுத்தாள், டம்ளர் ஆடியது. முழுக்கக் குடித்தான்.

அப்பா தடவிப் பார்த்தார். கிட்டார், கம்பி, அப்புறம் அவன் முழங்கால். "இன்னாடா இது, பேண்ட்டுன்னாங்க, டிராயரா கீது?" சூசை சிரித்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாட ஆரம்பித்தான். மெதுவாக, வீட்டுக்குள் பாடுகிற மாதிரி. வீங்கின காலில் அப்பாவின் கட்டை விரல் மட்டும் ஆடியது. புஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள். எவ்வளவு நாள் கழித்து இந்த வீட்டில் சந்தோஷம்.

அப்போது வெளியே ஒப்பாரி.

சூசை எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். வேறு எதற்கு நுழைவான்? ஞானம்மா தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்துக்கொண்டு முன்னால், பின்னால் பத்துப் பதினைந்து பொம்பளைகள். யாரோ கோயிலுக்கும் ஓடியிருக்கிறார்கள். கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை துக்க மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்பா காதைத் திருப்பினார். "யாருக்குடா மணி?"

சூசை கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"எனக்கா?" சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது. "அடிக்கட்டும் வுடு. நீ பாடுடா, நிறுத்தாத."

சூசை பாடினான். அதற்குள் வாசலில் அந்தோணி. கட்டிலில் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். முகம் வெளுத்து, அப்புறம் சிவந்தது. "உசுரோட இருக்கற மனுசனுக்கு மணி அடிக்க வெச்சிட்டியேடா பாவி!" கிட்டாரைப் பிடுங்கி நிலைப்படியில் அடித்தான். கம்பி அறுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனார்கள்.

தடுத்தேன் என்று எழுதினால் பொய். கையை நீட்டினேன், அவ்வளவுதான்.

"லூர்து," அப்பா கூப்பிட்டார். "இன்னிக்கும் பாதில ஏன்டா நிறுத்திட்டான்?"

கரண்ட் என்று சொல்ல முடியாது.

மே 16, செவ்வாய்

நேற்று காலை அப்பா போய்விட்டார். இன்று அடக்கம்.

மணி அடித்தபோது பாதிப் பேர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்பாரி.

பாட ஆள் இல்லை. கோயில்பிள்ளை செபம் சொன்னார். அப்பா கட்டின பாத்தி, அவர் கண், அவர் ஆசை எதுவும் யார் வாயிலும் வரவில்லை. தலைமாட்டில் இடம் காலியாகவே இருந்தது, பழக்கத்தில் எல்லோரும் விலகி விட்டிருந்தார்கள்.

"அவன் காலு வெச்ச நேரம்," என்றாள் ஞானம்மா. எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள் அடித்த மணி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

சூசை எங்கே என்று தெரியவில்லை. மெட்ராஸ் பஸ் ஏறினதாக பாய் சொன்னார். கையில் கட்டு போட்டிருந்தானாம்.

மே 20, சனி

வெயில் திரும்பி வந்துவிட்டது. பாத்தியில் மறுபடி தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். கோட்டுக்குக் காஜா மட்டும் பாக்கி.

அந்தோணி ஒருத்தனைக் கூட்டி வந்தான். சூசைக்குச் சித்தப்பா மகன், பெயர் சேவியர். குரல் பரவாயில்லையாம், சீக்கிரம் பிடித்துக்கொள்வானாம். ஞானம்மா அதற்குள் தன் சாவுக்குச் சொல்லி வைத்துவிட்டாளாம். வெள்ளை ஜிப்பா வேண்டும்.

"உள்ள வாப்பா," என்றேன். "உள்ள வந்து நில்லு. இங்கதான் வெளிச்சம் நல்லாருக்குது."

தொங்குகிற கோட்டைப் பார்த்தான். அந்தோணியைப் பார்த்தான். "வாணாங்கண்ணே. பழக்கத்த ஏன் மாத்தணும்?"

இன்னொரு தடவை கூப்பிட்டேன். அந்தோணி என் தோளில் இருந்த டேப்பை உருவி என் கையில் கொடுத்தான்.

வெளியே போய் அளவெடுத்தேன். கழுத்து பதினாலரை. கை இருபத்திமூணு.