பூவந்தியின் தாழாத கை

வாழி! சிலம்பாற்று நாட்டை முறை பிறழாது காக்கும் வயமான் வேந்தரின் திருவாணையால், அமைச்சர் தாழைமங்கலத்து நம்பியார் விடுக்கும் ஓலை. செம்பாறைக் கோட்டைத் தலைவர் வேளார் கண்டு தெளிக. தங்கள் கோட்டையில் மழையும் விளைவும் குறையாதிருக்கட்டும்.

சிறார்க்குச் சாண் நீள இரும்பு எறிமுள் பயிற்றும் ஏனாதி ஓரிக்கீரன் கைப்பட எழுதிய விண்ணப்பம், தங்கள் ஓலைக்கு ஒரு நாள் முன்னரே வந்தது. இடக்காலை முன்வைத்து, முழங்கையைச் செவியருகே உயர்த்தி, குறியன்றி வேறெதையும் நோக்காது எறிய வேண்டும். எறிந்த கை, முள் தைக்கும் வரை தாழலாகாது. இதுவே அவன் இருபது ஆண்டுகளாகக் கற்பிக்கும் முறை. வைக்கோற்பாவைக்குப் பகைவர் உடை அணிவித்துக் குறியாக நிறுத்துவதோ கோட்டையின் வழக்கம். கரம்பைத் துறைப் போரில் இறந்தோரிடமிருந்து கழற்றிய உடைகள் அதற்காகவே மூட்டை மூட்டையாக அங்கு வந்தன. வெள்ளச் சேற்றில் நம்மவர் உடையும் பகைவர் உடையும் ஒரே நிறமாய்க் கிடந்ததை எவரும் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படி என்ன அவசரமோ!

பூவந்தி, அப்போருக்குப் போய்த் திரும்பாத வீரன் சேந்தனின் ஒன்பது வயது மகள். ஒரு நாள் காலை அவள் முறைப்படி நின்று, முறைப்படி எறிந்தாள். பாவையின் மார்பில் இருந்த நீலத் துணி ஒட்டின் நடுவே முள் தைத்தது. தந்தை புறப்படுமுன் அவ்வொட்டைக் கோணல் தையலால் தைத்துக் கொடுத்தவள் அவளே. ஏதும் அறியாத கீரன் மகிழ்ந்துபோய், தைத்துவிட்டது, கையை இறக்கு தாயி என்றானாம். இன்னும் தைக்கவில்லை ஐயா, போய்க்கொண்டே இருக்கிறது என்றாளாம் அவள்.

உயர்ந்த அந்தக் கை இருபத்தொரு நாளாகியும் தாழவில்லை. உண்ணும்போதும் உறங்கும்போதும் அப்படியே நிற்கிறது. எலும்பில் குறையில்லை என்கின்றனர் மருத்துவர். கீரனோ கண்ணை மூடினால் முள் காற்றில் செல்லும் ஓசையைக் கேட்கிறான். பாவைக்கு அவ்வுடையை அணிவித்தது தன் கையே என்பதால் அந்தக் கையை வெட்டிவிடுமாறு மன்றாடுகிறான்.

தாங்களோ, மற்றப் பிள்ளைகள் அஞ்சுவதால், சிறுமியின் கையைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக் கோட்டைக்கு வெளியே அனுப்ப இசைவு கேட்டிருக்கிறீர்கள். நன்றாயிருக்கிறது தங்கள் நீதி! கயிறு அவள் மேல் படுமாயின் தங்கள் பதவி அன்றோடு போயிற்று.

வேந்தர் திருவுளம் இதுவாகும். கீரனின் கை வெட்டப்படாது. அதே கையால் அவன் முள்ளைப் பிடுங்கி, உடையைத் துவைத்து, சிறுமியின் தாயிடம் ஒப்படைப்பான். பகைவர் உடல்களென்று கரம்பைத் துறையில் இட்டு மூடிய குழி திறக்கப்பட்டு, சேந்தனுக்குரிய ஈமக்கடன் செய்யப்படும். உடைகளை அனுப்பச் சொன்ன ஓலையில் இலச்சினை பதித்தவர் வேந்தரே ஆதலால், வரும் முழுமதி நாளில் அவர் குடையும் முரசுமின்றி வருவார். பாவை நின்ற இடத்தில் தாமே நின்று, உன் முள் என் மார்பில் தைத்துவிட்டது அம்மா என்று அவளிடம் சொல்வார்.

நாரை இலச்சினை பதிந்தது. ஆணை இது: அவள் கை இறங்கும் வரை, இந்நாட்டில் எறிவதற்கென்று எந்தக் கையும் உயரலாகாது.