பெரட்டுக்கு நின்றவர்கள்

உக்குவளை, 21.8.1967

வேலம்மாவும் வந்து போய்விட்டாள். பத்து மணிக்கு வந்தாள், பத்தேகாலுக்குப் போனாள். வேலை கேட்டு வந்தவள் அவளா, நாங்களா என்று இன்னும் தெளிவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தாள். அம்மிக் குழவியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"வீட்டுல எத்தன பேருங்க?"

நான், என் கணவர், மாமி, ஐந்து மாதப் பிள்ளை என்றேன்.

"வந்து போறவங்க?"

"அது அல்லாஹ்ட கையில ஈக்கி" என்றார் மாமி.

"சம்பளம் யார் கையிலங்க?"

மாதம் இருபது ரூபா, சாப்பாடு என்று சொன்னேன். பிள்ளையைப் பார்க்கவா, சமைக்கவா, இரண்டில் ஒன்று சொல்லச் சொன்னாள். இரண்டும்தான் என்றேன். துணி துவைப்பதையும் தண்ணீர் அள்ளுவதையும் சொல்ல வாய் வரவில்லை. படலை வரை போனவள் திரும்பி, "அந்தக் குழவி ரொம்பக் கனம், மாத்திடுங்க" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து நாளில் இவள் மூன்றாவது.

"இந்தக் காலத்து ஆக்களுக்கு ஒடம்பு வளையாது மகள்" என்றார் மாமி, சாய்மானக் கதிரையில் சாய்ந்தபடி. பகல் சாப்பிட வந்த என் கணவரும் ஆமோதித்தார். "ஒழைக்கிற மனசு இல்ல. மனசு ஈந்தா சம்பளம் ஒரு விசயமா?" மிளகும் கொக்கோவும் வாங்குகிற கடை அவருடையது. ஒன்பதரைக்குத் திறப்பார், ஒரு மணிக்குச் சாப்பிட வருவார், நான்கு மணிவரை தூங்குவார்.

நானும் தலையாட்டினேன். ஆசிரியர் கலாசாலையில் 'உழைப்பின் மேன்மை' என்று கட்டுரை எழுதி முதலாவதாக வந்தவள் நான். நான்கு பக்கம். அந்த நாளில் நான் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கியதில்லை.

செப்டெம்பர் பதின்மூன்றாம் தேதி மாத்தளையில் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. இரண்டு தடவை லீவை நீட்டியாயிற்று. அன்றைக்குப் போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் வரும் என்று அதிபர் கடிதத்தில் தெளிவாக எழுதிவிட்டார். இன்னும் இருபத்து மூன்று நாள்.

பிள்ளை நுஹ்மான் மூச்சு விடுகிறானா என்று இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். விடுகிறான்.

24.8

ஆள் கிடைத்தது! பல்லேபொலையில் மாமியின் சாச்சா மகளுடைய மகள், றம்லா. இருபத்தைந்து வயது, கலியாணம் ஆகவில்லை, நல்ல பிள்ளை. மாமி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "சொந்தக்காரப் புள்ள. வேலக்காரி எண்டு யாருக்கும் செல்லாதே. சம்பளம் எண்டும் வாயெடுக்காதே. ரோசப்படும்."

சரி என்றேன்.

26.8

வேலை என்று சொல்லக்கூடாது, சம்பளம் என்று சொல்லக்கூடாது என்றால், துணி துவை என்று எப்படிச் சொல்வது? கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் இரண்டு தடவை நடந்து பார்த்தேன். "உதவி வேணுமா மச்சி?" என்றாள். "ஐயோ வேணாம், நீங்க இரிங்க" என்று என் வாயே சொல்லிவிட்டது.

27.8

றம்லாவுக்காக இன்று கோழி. நான்தான் ஆக்கினேன்.

29.8

றம்லா போய்விட்டாள். மாமி கவுன் துணி கொடுத்து அனுப்பினார். பஸ் ஏற்றிவிடப் போன இடத்தில் மெதுவாகச் சொல்கிறாள்: "புள்ள பாக்கத்தான் கூப்பிட்டீக எண்டு உம்மா சென்னாங்க மச்சி. நீங்க ஒண்டும் செல்லல்ல. நானா எப்படிக் கேக்கிற? எனக்கும் காசு தேவதான்..."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஐந்து நாள் அவள் என் வாயைப் பார்த்திருக்கிறாள், நான் அவள் கையைப் பார்த்திருக்கிறேன்.

பதினைந்து நாள் இருக்கிறது. நுஹ்மான் போத்தல் பால் குடிக்கமாட்டேன் என்கிறான் வேறு.

31.8 வியாழன்

காத்தாயி என்று ஒருத்தி வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், முதுகு நேராக நிற்கிறது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வருசம் கொழுந்து எடுத்தவள். "வயசு ஆச்சுன்னு பேர வெட்டிட்டாங்க. எனக்கு வயசு ஆகல டீச்சரம்மா, அவங்க புத்தகத்துக்குத்தான் ஆச்சு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"பெரட்டு எத்தன மணிக்கு?"

மாமி என்னைப் பார்த்தார், நான் மாமியைப் பார்த்தேன். தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துவிடுவார்களே, அதைக் கேட்கிறாள். இருப்பது ஒரே ஆள், எதற்குப் பெரட்டு என்றேன்.

"ஒரு ஆளுன்னா வேல என்னான்னு சொல்ல வேணாமா? சொல்லாத வேலக்கி முடிவு கெடையாதுங்க."

அவள் கேட்டது இதுதான். தோட்டத்து நாள் கூலி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். சொன்ன அளவு வேலை முடித்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அதாவது முழு நாள் கூலி, அரை நாள் கூலி. அளவுக்கு மேலே செய்வதற்குக் கைக்காசு தனி. கிழமையில் ஒரு நாள் லீவு.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்ல சட்டம்! குந்திக்கொண்டு ஈந்து காசு எடுக்க ஏலா. வேல செய்யாத ஆளுக்கு அரைப்பேர், அது யாரா ஈந்தாலும்!" அரைப்பேராகவே விழுந்து இருபது ரூபாவைவிடக் குறைவாகத்தான் வரும், சோம்பேறிகளுக்கு இது நல்ல மருந்து என்று என்னிடம் தனியாகச் சொன்னார். கடையிலிருந்து நீளக் கோடு போட்ட புத்தகம் ஒன்றும் கொண்டுவந்து தந்தார். தோட்டத்தில் ஆட்களின் பேர் பதிகிற செக்ரோல் போலவாம். கணக்கப்பிள்ளை நான்.

லீவு எந்த நாள் என்று ஒரு மணி நேரம் பேச்சு. தோட்டத்து ஆட்களுக்கு ஞாயிறு. அரசாங்கம் ஞாயிறை எடுத்துவிட்டு, நிலாக் கணக்கில் கிழமைக்கு ஒன்றாக வரும் போயாவைக் கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வெள்ளி. கடைசியில் போயா. பிறையைப் பார்த்து நோன்பு பிடிக்கிற வீடுதானே, லீவுக்கும் நிலாவைப் பார்க்கட்டும்.

2.9

காலை ஆறரைக்குப் பின் வாசலில் டங் டங் என்று ஒரு சத்தம். மாமி நெருப்புப் பிடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு எழும்பினார். காத்தாயி தகரத்தைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். தோட்டத்தில் தப்பு அடிப்பார்களாம், இங்கே தப்பு இல்லையாம்.

நான் அரைகுறைக் கொண்டையோடு ஓடினேன். அவளுக்கு எதிரே நின்று வேலை பிரித்தேன். ஒரே ஒரு ஆளை எப்படிப் பிரிப்பது? தண்ணீர் ஆறு குடம். பிள்ளைத் துணி பதினெட்டு. சமையல். பிள்ளையைத் தூங்க வைத்தல் மூன்று தடவை.

"பதினெட்டுக்கு மேல நனைச்சா கைக்காசு" என்று நினைவூட்டினாள்.

நுஹ்மான் இன்று இருபத்து மூன்று நனைத்தான். வாப்பாவின் பணத்தைப் பற்றி அவனுக்கு என்ன கவலை.

ஆனால் துணி எப்படி வெளுத்திருக்கிறது! நான் இன்று பகலில் அரை மணி நேரம் தூங்கினேன். ஐந்து மாதத்தில் முதல் தடவை. எழும்பியதும் பயந்துபோய்ப் பிள்ளையைத் தேடினேன். காத்தாயியின் முதுகில், கொழுந்துக் கூடை தொங்குகிற இடத்தில், சேலையில் கட்டுண்டு தூங்குகிறான். பக்கத்தில் போய் மூச்சைப் பார்த்தேன்.

"விடுறான் விடுறான். நீங்க விடுங்க" என்றாள்.

4.9

மழை. துணி காயவில்லை. காயாத துணி கணக்கில் வருமா, வராதா? மாமி வராது என்றார். "தொவைக்கிறது என் வேல, காய வைக்கிறது சூரியன் வேல. அரைப்பேர்னா சூரியனுக்குப் போடுங்க" என்றாள் காத்தாயி. பிறகு மாமியைப் பார்த்து, "கங்காணி ஒக்காந்துக்கிட்டு வேல வாங்குனா வேல நடக்காது பெரியம்மா. நம்ம மலையில கங்காணி நிப்பாரு" என்றாள்.

மாமிக்கு ரோசம் வந்துவிட்டது. பகல் முழுக்கக் குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்கும் குசினி அடுப்புக்கும் நடந்தார். அந்தியில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். "என்டயும் புத்தகத்துல எழுது மகள்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து எழுதினேன். நாச்சியா, கங்காணி, முழுப்பேர். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

6.9

எல்லாம் போயிற்று.

அவர் ஒரு மணிக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினார். நான்கு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி கேட்டார். காத்தாயி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் காதில் விழும்படியே என்னைக் கேட்டாள்: "மொதலாளிக்கு இன்னக்கி அரைப்பேரா டீச்சரம்மா?"

அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே சட்டத்தைத்தான் கேட்டாள். யாரா இருந்தாலும் என்று சொன்னவர் அவர்தானே!

கோப்பை முற்றத்தில் போய் விழுந்தது. "செக்ரோலும் வாணாம் ஒண்டும் வாணாம். மாசம் இருவத்தஞ்சு, எல்லா வேலயும். விருப்பம் எண்டா நில்லு."

காத்தாயி கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். "இது இன்னக்கி பிரிச்ச வேலயில இல்ல. பரவால்ல, புள்ள தவழப் போற எடம்." கையைக் கழுவினாள். "பேச்ச மாத்துற தோட்டத்துல நான் நிக்கிறதில்ல மொதலாளி." இதுவரை செய்ததற்குக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஏழு நாள். நான் என்ன செய்ய? நான் ஏன் அப்போது வாயைத் திறக்கவில்லை? திறந்திருக்கலாம். முழுப்பேச்சு இல்லாவிட்டாலும் அரைப்பேச்சாவது பேசியிருக்கலாம்.

7.9

"வேலய விட்டுடு மஸீஹா. கட ஈக்கிதானே" என்கிறார்.

இந்த வேலைக்கு நான் எத்தனை வருசம் படித்தேன் என்று அவருக்குத் தெரியும்.

9.9

சும்மா, யாரும் பார்க்காதபோது, செக்ரோலில் என் பெயரை எழுதினேன். தண்ணீர் ஆறு குடம். துணி இருபத்தொன்று. சமையல் மூன்று வேளை. தூங்க வைத்தல்... எத்தனை என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். பெரட்டு காலை நாலரை. வேலை விடுகிற நேரம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? வேலை இன்னும் விடவில்லை.

அந்த நான்கு பக்கக் கட்டுரை அலுமாரியில் இருக்கிறது. எடுத்து வாசித்தேன். 'உழைப்பாளி' என்று முப்பது இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு இடத்திலும் அவன் என்ன சாப்பிட்டான் என்று எழுதவில்லை.

மாமி வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மகள், முப்பத்தாறு வருசம் ஆக்கிப் போட்டேன். அதுக்கு எத்தன பேர் வரும்?"

கணக்குப் பார்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

10.9

மாமி வேலைநிறுத்தம்!

இன்று காலை சாய்மானக் கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. "எனக்கு வேல பிரிச்சுத் தரல்ல. நான் எப்படிச் செய்ற?" என்கிறார். என்னையும் குசினிப் பக்கம் போகவேண்டாம் என்றார். நான் பயந்து பயந்து பிள்ளைக்கு மட்டும் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அது கருங்காலித்தனமா என்று மாமியிடம் கேட்டேன். புள்ளைக்கு எண்டா காரியமில்ல என்று அனுமதி தந்தார்.

அவர் ஒரு மணிக்கு வந்தார். அடுப்பில் பூனை படுத்திருந்தது.

"உம்மா, சோறு?"

"ஆள் இல்ல மகன். இந்தக் காலத்துல ஆள் எடுக்கிறது கஷ்டம்."

கடைத்தெருவில் பாண் ரொட்டி வாங்கிவந்து சாப்பிட்டார். எங்களுக்கும் பிய்த்துத் தந்தார். தூக்கம் வரவில்லை போலும், திரும்பிப் போய்விட்டார்.

11.9

பாண். பாண். ராத்திரிக்கும் பாண். "ரெண்டு பேருக்கும் பைத்தியமா?" என்றார். மாமி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே, "பைத்தியத்துக்கும் முழுப்பேர் போடு மகள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, காட்டவில்லை.

நாளை மறுநாள் பள்ளிக்கூடம்.

12.9

அவரே காத்தாயி குடியிருக்கிற லயத்துக்குப் போயிருக்கிறார்! மழையில், காலில் புதுச் சப்பாத்தோடு. வரும்போது சப்பாத்துக் கையில் இருந்தது. காத்தாயி முன்பு சொன்னதுக்கு மேலே ஒரு சதம்கூடக் கேட்கவில்லையாம். ஒன்று மட்டும் கேட்டாளாம்: டீச்சரம்மா ஏழு மணி பஸ்சுக்குப் போய்விட்டால் பெரட்டு யார் எடுப்பது?

"நீங்க என்ன சென்னீங்க?"

போய்க் கால் கழுவினார்.

13.9 புதன்

கையெழுத்து வைத்தேன். ஏழு ஐம்பத்தைந்துக்கு. என் பெயர் யாரோ எழுதியது போல இருக்கிறது. மூன்றாம் பாடத்தில் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது, முக்காட்டால் மூடிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன்.

காலையில் தகரம் அடித்தபோது அவர் சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின் வாசலுக்குப் போனார். காத்தாயி நின்றாள். பக்கத்தில் குடையோடு மாமி. என்ன வேலை பிரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த வீட்டில் என்னென்ன வேலை இருக்கிறது என்று முதலில் அவர்களிடமே கேட்டார். அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். நான் பஸ்சுக்குப் போகும்போதும் சொல்லி முடியவில்லை.

திரும்பி வந்து பிள்ளையிடம் ஓடினேன். நான் போனதே அவனுக்குத் தெரிந்ததாக இல்லை. காத்தாயியின் முதுகிலிருந்து என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டான். போத்தல் காலியாக இருந்தது.

புத்தகம் மேசையில் விரித்தபடி. அவருடைய கடைக் கையெழுத்து, பெரிது பெரிதாக.

"என்னா போட்டிருக்காங்க?" என்று காத்தாயி கேட்டாள். வாசித்தேன்.

காத்தாயி, முழுப்பேர். துணி இருபது, இரண்டுக்குக் கைக்காசு. நாச்சியா உம்மா, முழுப்பேர். மஸீஹா, வெளி மலையில் வேலை, முழுப்பேர்.

கடைசி வரியில் பதுர்தீன் என்று இருந்தது. அதற்கு நேரே முதலில் முழு என்று எழுதி, வெட்டி, அரை என்று எழுதியிருந்தார்.

காத்தாயி கொஞ்சம் யோசித்தாள். "சரிதான். ரெண்டு மணி வரைக்கும் மொதலாளி முழிச்சுத்தான் இருந்தாங்க."