பட்டன் இல்லாத சட்டை

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நீயும் மாமாவும் சுகமா? மாமாவின் முதுகுவலி தேவலையா? நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்.

என் வேலை கல்லை மாவாக அரைப்பது. ஈயமும் மாங்கனீசும் சேர்ந்த அபூர்வக் கல். அது கிடைக்கும் சுரங்கங்களை விரல்விட்டு எண்ணிவிடலாமாம். கருஞ்சிவப்பு நிறம், நகத்தளவு துண்டுகூடக் கையில் கனக்கும். அரைக்கும்போது பறக்கிற தூசிக்குத்தான் கனமே இல்லை.

நேற்று ஒரு வேடிக்கை. கம்பெனி டாக்டர், "அப்படியே பின்பக்கமா நாலு அடி நடங்க" என்றார். நடந்தேன், மரம் சாய்ந்த மாதிரி மல்லாந்து விழுந்தேன். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "எத்தனை மாசமா அரைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எழுத்து எறும்பாகச் சிறுத்துவிட்டதே என்று திட்டாதே. தாள் மிச்சம்.

ஒரு உதவி. தலைவழியாக மாட்டுகிற சட்டை இரண்டு தைத்து அனுப்பு. பட்டன் வேண்டாம், விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கம்பெனி விடுதியில் எனக்கு முன்பு இந்தக் கட்டிலில் இருந்து இதே கல்லை அரைத்தவர் அலமாரியில் விட்டுப்போன சட்டைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. அளவும் எனக்குச் சரியாக இருக்கிறது. போட்டுக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். வேலைக்குக் கிளம்புகிறேன்.

உன் தம்பி